கேட்பதைக் கண்ணால் காண முடியுமா?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

சென்ற ஜூலை மாதத்தில் ஒருநாள் பௌதிக வகுப்பில் ஒலி பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. சிஸ்டர் அவர்கள் ஒரு தகர டப்பாவின் வாயில் பலூன் துண்டை இழுத்துக் கட்டி, அதன்மேல் சிறிது மணலைத் தூவி, அருகே குனிந்து உரக்க ஓசை எழுப்பினார்கள். மணல் துள்ளிக் குதித்தது. "ஒலியைக் கண்ணால் கண்டீர்களா?" என்று கேட்டார்கள். "கண்டோம் சிஸ்டர்" என்று அனைவரும் கூவினோம். அப்போது முதல் பெஞ்சில் இருக்கும் எங்கள் தோழி எழுந்தாள். "ஒலியைக் கண்டோம் சிஸ்டர். ஆனால் கேட்பதைக் காண முடியுமா?" என்றாள்.

வகுப்பில் சிலர் சிரித்தனர். அந்தத் தோழி இரு காதிலும் காது மெஷின் வைத்திருப்பவள். சிஸ்டர் சிரிக்கவில்லை. "இதற்கு எனக்கு விடை தெரியாது. நீங்களே தேடிப் பார்த்து, கிடைத்ததை ஆண்டு மலருக்கு எழுதுங்கள்" என்று கூறிவிட்டார்கள். ஐந்து மாதங்களாக நாங்கள் தேடியதில் எங்களுக்கு விளங்கிய அளவை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒலி செல்லும் வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பாதி வழி நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. காற்றின் அதிர்வு செவிப்பறையை அசைக்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அந்த அசைவை உள்ளே கொண்டுபோய், நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவில் சேர்க்கின்றன. அங்குள்ள மயிர்ச் செல்கள் அதிர்வை மின் குறிப்புகளாக மாற்றுகின்றன. சுருளின் தொடக்கத்தில் உள்ளவை கீச்சென்ற உயர்ந்த ஒலிக்கும், நுனியில் உள்ளவை தாழ்ந்த ஒலிக்கும் ஏற்றவை. காதொன்றுக்கு ஏறத்தாழ 30,000 இழைகளைக் கொண்ட செவி நரம்பு இக்குறிப்புகளை மூளைக்குக் கொண்டு செல்கிறது. "மூளை ஒலியை உணர்கிறது" என்ற ஒரே வரியோடு எங்கள் பாடம் முடிந்துவிடுகிறது. காது என்னும் சிறு உறுப்புக்கு நான்கு பக்கம், மூளைக்கு ஒரு வரி!

அந்த ஒரு வரிக்குள் எத்தனை நிலையங்கள்! செவி நரம்பு மூளைத் தண்டில் இறங்கியதும், குறிப்புகள் பல கிளைகளாகப் பிரிகின்றன. ஒரு கிளை இரு காதுகளுக்கும் ஒலி வந்த நேர வேறுபாட்டைக் கணக்கிடும். ஒரு கிளை இரு பக்கத்து உரப்பையும் ஒப்பிடும். வேறொன்று ஒலியின் சுருதியைத் தொடர்ந்து செல்லும். இவ்வாறு பிரிந்த பாதைகள் ஏறக்குறைய எல்லாமே மீண்டும் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. தெற்கே போகும் ரயில்கள் பலவும் விழுப்புரம் சந்திப்பில் வந்து கூடுவதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சந்திப்பு நடுமூளையில் உள்ளது. நடுமூளையின் முதுகுப்புறத்தில் நான்கு சிறு மேடுகள் உண்டு. மேலிரண்டும் பார்வைக்கு உரியவை. கீழிரண்டும் கேள்விக்கு உரியவை. இலத்தீன் மொழியில் இவற்றுக்குச் சிறு குன்று என்ற பொருளில் பெயரிட்டிருக்கிறார்கள். கீழிரண்டையும் இக்கட்டுரையில் செவிக்குன்று என்று அழைப்போம். மனிதனிடத்தில் ஒவ்வொன்றும் ஒரு பட்டாணி அளவுதான். ஆனால் தேவாலய மணியோசையும் அம்மாவின் குரலும் பேருந்தின் ஹாரனும் இதைக் கடக்காமல் பெருமூளைக்குச் செல்வதில்லை.

இந்தக் குன்றில் எந்தச் செல் எந்த ஒலிக்கு விழிக்கிறது என்பதை எப்படி அறிவது? நெடுங்காலம் இருந்த வழி ஊசிதான். முடியினும் மெல்லிய முனையுள்ள உலோக ஊசி ஒன்றை மயக்கமுற்ற விலங்கின் மூளையில் மெல்ல மெல்ல இறக்கி, ஒரு செல்லின் அருகே நிறுத்துவார்கள். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு சுருதியாக ஒலிக்கச் செய்து, அந்தச் செல் எதற்கு மின் துடிப்பை எழுப்புகிறது என்று பதிவு செய்வார்கள். பிறகு ஊசியை இன்னும் சிறிது இறக்கி அடுத்த செல்லைத் தேடுவார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரோஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் பூனையின் செவிக்குன்றை இவ்வாறு ஆராய்ந்து 1963-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். குன்றின் நடுப்பகுதியில் மேலேயுள்ள செல்கள் தாழ்ந்த சுருதிக்கும், ஆழம் செல்லச் செல்ல உயர்ந்த சுருதிக்கும் விழிக்கின்றன என்று கண்டார்கள். காக்ளியாவில் இருந்த சுர வரிசை நடுமூளையிலும் குலையாமல் அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது! ஹார்மோனியத்தை நிமிர்த்தி வைத்ததைப்போல என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

ஊசி மிகக் கூர்மையானது; நேரத்தைத் துல்லியமாகச் சொல்வது. மின் துடிப்பு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே இருக்கும். ஊசி அதையும் தவறவிடாது. குறை என்னவென்றால், அது தன் முனைக்கு அருகே இருப்பவற்றை மட்டுமே அறியும். பக்கத்து வீட்டுச் செல் அந்நேரம் என்ன செய்தது என்று அதற்குத் தெரியாது. மௌனமாக இருக்கும் செல்லை அது கண்டுபிடிப்பதே இல்லை. கேட்பதைக் 'காண' வேண்டுமானால் செல்கள் தாமே ஒளிர வேண்டும். அதற்கு உதவியது, நினைத்தாலே வியப்பாக இருக்கிறது, கடலில் மிதக்கும் ஓர் உயிர்!

நரம்புச் செல் துடிக்கும்போது அதன் சுவரிலுள்ள நுண்ணிய கதவுகள் திறந்து, வெளியிலிருக்கும் கால்சியம் உள்ளே பாய்கிறது. நம் எலும்பிலும் பாலிலும் உள்ள அதே கால்சியம்தான். ஓய்ந்திருக்கும் செல்லுக்குள் இருப்பதைவிட வெளியே ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு அதிகமாக அது இருக்கிறது. ஆகவே கதவு சிறிது திறந்தாலும் உள்ளே அளவு சட்டென்று உயர்ந்துவிடும். கால்சியத்தைக் கண்டால் ஒளிவிடும் பொருள் ஒன்று கிடைத்தால், செல்லின் துடிப்பை ஒளியாகப் பார்த்துவிடலாம் அல்லவா?

அப்பொருளைக் கண்டவர் ஒசாமு ஷிமோமுரா என்னும் ஜப்பானியர். 1945 ஆகஸ்ட் 9-ஆம் நாள் நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு வயது பதினாறு; எங்களைவிட ஒரு வயதே மூத்தவர். நகரிலிருந்து சிறிது தொலைவிலிருந்த தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்தக் கொடிய ஒளி சிறிது நேரம் அவர் பார்வையைப் பறித்தது. வீட்டுக்கு நடக்கும் வழியில் கறுப்பு மழையில் நனைந்தார். வந்ததும் பாட்டி அவரைக் குளிக்க வைத்தாராம். அப்படி ஓர் ஒளியைக் கண்டவர் பிற்காலத்தில் உயிர்கள் உமிழும் மெல்லிய ஒளியைத் தேடிப் போனார் என்பதை எங்களால் மறக்க முடியவில்லை.

1961-ஆம் ஆண்டு கோடையில் அவர் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஃப்ரைடே ஹார்பர் என்ற ஊரில், ஜான்சன் என்னும் பேராசிரியருடன் ஜெல்லி மீன்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். நம் கடற்கரை மக்கள் சொறிமுட்டை என்று சொல்வார்களே, அந்த இனம்தான். அந்த வகை ஜெல்லி மீனின் குடை ஓரம் பச்சையாக ஒளிரும். ஓரத்தை மட்டும் வெட்டிப் பிழிந்து, ஒளிதரும் பொருளைப் பிரித்தெடுக்க எவ்வளவோ முயன்றும் பல நாட்கள் ஒன்றும் கைகூடவில்லை. தனியே படகில் போய்ப் படுத்து யோசிப்பாராம். ஒருநாள் பயனற்றதென்று ஒரு கரைசலைக் கழுவு தொட்டியில் ஊற்றினார். தொட்டிக்குள் பளீரென்று நீல ஒளி! அருகிலிருந்த மீன் தொட்டியின் கடல்நீர் வழிந்து அங்கே விழுந்துகொண்டிருந்தது. கடல்நீரில் உள்ள கால்சியம்தான் அந்த ஒளியைத் தூண்டியது என்று அவர் புரிந்துகொண்டார். அந்தக் கோடையில் மட்டும் ஏறத்தாழ 10,000 ஜெல்லி மீன்கள் வேண்டியிருந்தன. கிடைத்ததோ சில மில்லிகிராம் பொருள். அதற்கு ஈக்வோரின் என்று பெயர். அதனுடன் வேறொரு புரதமும் கிடைத்தது. நீல ஒளியை வாங்கிப் பச்சை ஒளியாகத் திருப்பித் தருவது அதன் வேலை. அதுவே பச்சை ஒளிர் புரதம்.

அந்தப் பச்சைப் புரதத்துக்காக 2008-ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசு ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியன் ஆகிய மூவருக்கும் கிடைத்தது. அதன் ஜீனை 1992-இல் பிரித்தெடுத்து, கேட்டவர்க்குத் தயங்காமல் அனுப்பி உதவிய டக்ளஸ் பிராஷர் என்பவருக்குப் பரிசில் இடமில்லை. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர்வதில்லை என்பது விதி. பரிசு அறிவித்தபோது அவர் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியனும் தங்கள் செலவில் அவரை விழாவுக்கு அழைத்துச் சென்றார்கள். இது கட்டுரைக்குத் தேவையில்லை என்று ஒருத்தி சொன்னாள். எங்களுக்கு விட மனமில்லை.

2001-ஆம் ஆண்டில் ஜப்பானில் நாகாய் என்பவரும் அவருடைய குழுவினரும் இந்தப் பச்சைப் புரதத்தைச் சிறிது வெட்டி, கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் வேறொரு புரதத்தை அதனுடன் இணைத்தார்கள். கால்சியம் வந்து ஒட்டியதும் இந்தக் கூட்டுப் புரதம் மடிந்து பிரகாசமாகிறது; கால்சியம் நீங்கினால் மங்குகிறது. இதற்கு ஜி-கேம்ப் என்று பெயர். நோய் செய்யாதபடி மாற்றப்பட்ட வைரஸ் ஒன்றின் மூலம் இதன் ஜீனை மூளைச் செல்லுக்குள் அனுப்பிவிட்டால், சில வாரங்களில் செல் தானே இப்புரதத்தைத் தயாரித்துக்கொள்கிறது. 2013-இல் இதைவிடக் கூர்மையாக ஒளிரும் வகைகள் வந்தன.

இனி ஓர் இடையூறு. மூளை கண்ணாடியைப்போல் தெளிவானதன்று; பாலைப்போல் கலங்கியது. ஒளி உள்ளே சென்றால் சிதறிவிடும். இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். விரல்கள் சிவப்பாகத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் எலும்பின் உருவம் தெரியாது. மேற்பரப்புக்குக் கீழே இருக்கும் ஒரே ஒரு செல்லை மட்டும் ஒளிரச் செய்வது எப்படி?

இதற்கு வேண்டிய கருத்தை 1931-ஆம் ஆண்டிலேயே ஒரு பெண் எழுதிவைத்திருந்தார். ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்ற மரியா கெப்பர்ட் மேயர் தம்முடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சியில் ஒரு செய்தியைக் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு பொருளை ஒளிரச் செய்ய ஒரு முழு வலிமையுள்ள ஒளித்துகள் வேண்டும். ஆனால் பாதி வலிமையுள்ள இரண்டு துகள்கள் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தாலும் அவ்வேலை நடக்கும் என்றார். விடுதிச் சமையலறையில் ஒருத்தியால் அசைக்க முடியாத அண்டாவை இருவர் ஒன்றாகப் பிடித்துத் தூக்குவதில்லையா? ஒருத்தி இன்றும் மற்றவள் நாளையும் வந்தால் அண்டா நகராது. இரு துகள்கள் ஒரே கணத்தில் சேர்வது மிக மிக அரிது. ஒளி நெருக்கமாகக் குவிந்த இடத்தில்தான் அது நிகழும். அத்தனை நெருக்கமான ஒளி அக்காலத்தில் கிடையாது. 1960-இல் லேசர் வந்தது; அடுத்த ஆண்டே அவர் சொன்னது மெய்யென்று சோதனையில் கண்டார்கள்.

அந்த அம்மையார் அமெரிக்காவில் பல ஆண்டுகள் சம்பளமின்றியே ஆராய்ச்சி செய்தவர். கணவர் பேராசிரியராக இருக்கும் இடத்தில் மனைவிக்கு வேலை தரலாகாது என்ற விதியைக் காரணம் காட்டினார்களாம். முழுச் சம்பளத்துடன் பேராசிரியர் பதவி கிடைத்தபோது அவருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. அணுக்கருவின் அமைப்பைப் பற்றிய வேறொரு கண்டுபிடிப்புக்காக 1963-இல் பௌதிக நோபெல் பரிசு பெற்றார். மேரி கியூரிக்குப் பின் அப்பரிசைப் பெற்ற இரண்டாவது பெண் அவரே. பூனையின் செவிக்குன்றில் ஊசி வைத்துப் பார்த்த ஆராய்ச்சி வெளிவந்ததும் அதே 1963-இல்தான்! தம் இளமைக் கணக்கு ஒருநாள் அந்தக் குன்றுக்குள் வெளிச்சம் காட்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. 1972-இல் அவர் காலமானார்.

1990-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் ஆகிய மூவர் அக்கணக்கை நுண்ணோக்கியாக ஆக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை, நினைக்கவும் முடியாத சிறு சிறு துடிப்புகளாக ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். அகச்சிவப்பு ஒளி அதிகம் சிதறாமல் ஆழமாகச் செல்லக்கூடியது. அது குவியும் புள்ளியில் மட்டும் இரு துகள்கள் சேர்ந்து வேலை செய்ய, அங்குள்ள புரதம் பச்சையாக ஒளிர்கிறது. மேலும் கீழும் இருட்டாகவே இருக்கும். நாம் வரி வரியாகப் படிப்பதுபோல் அப்புள்ளியை ஓட்டிக்கொண்டே போனால் ஒரு படம் கிடைக்கிறது. இவ்வாறு வினாடிக்குப் பல படங்கள் எடுக்கலாம்.

இனிச் செவிக்குன்றுக்கு வருவோம். மனிதனின் செவிக்குன்று மூளையின் மற்றப் பகுதிகளால் மூடப்பட்டு ஆழத்தில் மறைந்திருக்கிறது. சுண்டெலியிடத்தில் அது பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே மேற்பரப்பை எட்டிப் பார்க்கிறது. ஆகவே மயக்க மருந்து கொடுத்து, மண்டையோட்டில் ஒரு சிறு வட்டத்தை நீக்கி, மெல்லிய கண்ணாடியைப் பதித்துவிடுகிறார்கள். மூளைக்கு ஒரு ஜன்னல்! நுண்ணோக்கியை அதன்மேல் நிறுத்தி, ஒலிபெருக்கியில் ஒவ்வொரு சுருதியாக ஒலிக்கச் செய்து, எந்தச் செல் எப்போது மினுக்குகிறது என்று படம் எடுக்கிறார்கள். (எலி பாவமில்லையா என்று எங்களுக்குள் ஒரு மாலை முழுவதும் வாக்குவாதம் நடந்தது. இருவர் இன்னும் சமாதானமாகவில்லை.)

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த இத்தகைய ஆராய்ச்சி ஒன்று 2015-இல் வெளிவந்தது. குன்றின் நடுக்கருவுக்கு மேலே போர்வைபோல ஒரு மேலடுக்கு உண்டு. சுண்டெலியில் அதற்கும் நடுக்கருவுக்கும் எங்கே எல்லை என்பது ஊசி ஆராய்ச்சிகளில் தெளிவாகப் புலப்படவில்லை. ஒளிப்படத்தில் எல்லை கண்ணெதிரே தெரிந்தது. அப்போர்வை சில இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமே! நம் தலைமுடியின் தடிப்புதான் இருக்கும். ஊசி அதை ஒரு நொடியில் தாண்டிப் போயிருக்கும். போர்வையிலுள்ள செல்கள் எலி கேட்கக்கூடிய சுருதிகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒளிர்ந்தன. அதற்கு உடனே கீழேயிருந்த நடுக்கருவின் மேற்பகுதிச் செல்களோ பெரும்பாலும் தாழ்ந்த சுருதிகளுக்கே ஒளிர்ந்தன. 1963-இல் பூனையில் கண்ட வரிசைக்கு இது பொருந்தி வருகிறது. பெருமூளையிலிருந்து கீழே இறங்கி வரும் நரம்பு நுனிகளையும் அதே படத்தில் பார்த்தார்கள். ஒலி மேலே போவது மட்டுமன்று. மேலிருந்தும் ஏதோ சொல்லியனுப்பப்படுகிறது. ஆனால் அந்த நுனிகளின் ஒளிர்வு திடமாக இல்லை. ஆகவே அவை கட்டளை இடுவதைவிடச் சற்றே கூட்டிக் குறைத்துச் சரிசெய்பவையாக இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

படித்தது மனத்தில் பதிய வேண்டும் என்று சிஸ்டர் அவர்கள் ஒரு சோதனை சொன்னார்கள். ("ஆளுக்கொரு செல் ஆகுங்கள்" என்று அவர்கள் சொன்னதை அரைகுறையாகக் கேட்டு, மறுநாள் டார்ச் செல் வாங்கி வந்தவளும் உண்டு. அதுவும் பயன்பட்டது.) பாட்டில் பழக்கமுள்ள 32 பேரைத் தேர்ந்து, பள்ளி மண்டபத்தின் சன்னல்களை அடைத்துவிட்டு, எட்டுப் பத்தியாக, பத்திக்கு நால்வராகத் தரையில் அமர்ந்தோம். கீழ்ச் சட்ஜம் முதல் மேல் சட்ஜம் வரை பத்திக்கு ஒரு சுரம். அவரவர் சுரம் கேட்டால் டார்ச்சை ஏற்ற வேண்டும்.

முதலில் ஊசி முறை. சிஸ்டர் ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தி பக்கத்திலும் அமர்ந்து எட்டுக் கட்டைகளையும் வாசித்து, எதற்கு விளக்கு எரிந்தது என்று குறித்துக்கொண்டார்கள். நாற்பது நிமிட பீரியடில் பத்துப் பேர்தான் முடிந்தது. பிறகு ஒளி முறை. எங்கள் தோழி மேல்மாடத்தில் தாளும் பென்சிலுமாக நின்றாள். கீழே கட்டைகள் ஒவ்வொன்றாக ஒலித்தன. இருட்டில் ஒரு வெளிச்சப் பட்டை இடமிருந்து வலமாக நகர்ந்து போனது. இரண்டே நிமிடத்தில் 32 பேரின் வரைபடமும் அவள் கையில்!

பிழைகள் இல்லாமல் இல்லை. மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் தடுமாறியவர்கள் சிலர். பக்கத்தில் வெளிச்சத்தைக் கண்டு தானும் ஏற்றியவர்கள் சிலர். உண்மைச் சோதனையிலும் இந்தத் தொல்லை உண்டு. செல்லைச் சுற்றியுள்ள நரம்பிழைகளின் ஒளி, செல்லின் ஒளியோடு கலந்துவிடும். அதைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். விலங்கு மூச்சுவிடும்போது படம் ஆடும். எங்கள் படம் சிரிப்பால் ஆடியது. விளக்கை அணைக்கத் தாமதித்தவர்களும் உண்டு. கால்சிய ஒளியும் அப்படித்தான். துடிப்பு நொடியில் முடிந்தாலும் ஒளி அரை வினாடி, சில நேரம் அதற்கு மேலும் மங்காமல் நிற்கும். இதில் ஊசியே மேல்.

அடுத்து நடந்தது யாரும் திட்டமிடாதது. தோழி மேல்மாடத்தில் இருந்தபடியே தன் இரண்டு காது மெஷின்களையும் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, "இப்போது வாசியுங்கள் சிஸ்டர், முறை மாற்றி வாசியுங்கள்" என்று கூவினாள். சிஸ்டர் பதினாறு தடவை கட்டைகளை மாற்றி மாற்றி அழுத்தினார்கள். அவள் விளக்குகளை மட்டும் பார்த்து, எந்தச் சுரம் என்று எழுதிக்கொண்டே வந்தாள். பதினாறில் பதின்மூன்று சரி. கீழே இருந்த எங்களில் சிலருக்கு அவ்வளவு சரியாக வரவில்லை.

இறங்கி வந்தவள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை நீளச் செய்தது. "விளக்கைப் பார்த்து ஒலியைச் சொல்ல முடிந்தது. அப்படியானால் வெளியிலிருந்து சரியான விளக்கை ஏற்றினால், அந்த ஆளுக்கு ஒலி கேட்குமா?" என்றாள்.

கேட்கும் என்று நம்பி முயன்றவர்கள் இருக்கிறார்கள். காக்ளியாவின் மயிர்ச் செல்கள் கெட்டுப்போனவர்களுக்கு அங்கேயே மின்கம்பி பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் பற்றி நாம் செய்தித்தாளில் படிக்கிறோம். ஆனால் அதற்குச் செவி நரம்பு நன்றாக இருக்க வேண்டும். ஒருவகைப் பரம்பரை நோயில் இரு பக்கத்துச் செவி நரம்பின்மேலும் கட்டிகள் வளர்கின்றன. கட்டியை நீக்கும்போது நரம்பும் போய்விடுவது உண்டு. அவர்களுக்குக் காக்ளியாவில் எதைப் பொருத்தியும் பயனில்லை. 1979-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், நரம்பைத் தாண்டி மூளைத் தண்டிலேயே மின்முனை வைத்தார்கள். சிலருக்குக் கட்டியால் அந்த இடமும் சேதமடைந்திருக்கும். ஆகவே அதையும் தாண்டி, ஜெர்மனியில் ஹானோவர் நகரத்து மருத்துவக் கல்லூரியில் லெனார்ஸ், லிம் ஆகியோரின் குழு செவிக்குன்றிலேயே மின்முனை பொருத்தியது. இருபது பிளாட்டினம் வளையங்கள் கொண்ட மெல்லிய தண்டு அது. ஒவ்வொரு வளையமும் ஒவ்வொரு சுருதி அடுக்கில் அமர வேண்டும் என்பது எண்ணம்.

முதல் மூன்று நோயாளிகளைப் பற்றி 2007-இல் எழுதினார்கள். மூவருக்கும் ஒலி கேட்டது! ஆனால் தண்டு மூவரிடத்திலும் மூன்று வேறு இடங்களில் போய் அமர்ந்திருந்தது. ஒருவருக்குப் போர்வை போன்ற மேலடுக்கில், ஒருவருக்குக் குன்றுக்கு வரும் வழியில், ஒருவருக்கு நடுக்கருவிலேயே. நடுக்கருவில் அமைந்தவருக்கே பலன் கூடுதல். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள அது துணை செய்தது. கண்ணை மூடிக்கொண்டு பேச்சைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வரவில்லை. அடுக்கு என்பது ஒரு தாளைப்போல் பரந்தது. ஒரு தண்டு அந்தத் தாளில் ஒரே ஒரு புள்ளியைத்தான் தொடுகிறது. எங்கள் மண்டபத்தில் பத்திக்கு ஒருத்தி மட்டும் விளக்கேற்றியதைப்போல. பின்னர் இரண்டு தண்டுகள் கொண்ட அமைப்பை அவர்கள் உருவாக்கினார்கள்.

மனிதரின் குன்றில் கண்ணாடி ஜன்னல் வைக்க முடியாது. பெரிய காந்தம் கொண்ட ஸ்கேன் கருவியால் இரத்த ஓட்டத்தைப் பார்த்து, மனிதரிலும் அதே சுர வரிசை உண்டென்று 2013-இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அப்படத்தின் ஒரு புள்ளிக்குள் பல்லாயிரம் செல்கள் அடங்கிவிடும். போர்வைக்கும் நடுக்கருவுக்கும் இடையே உள்ள முடியளவு எல்லையைக் காட்ட இன்றைக்கு எலியின் ஜன்னலே இருக்கிறது. தண்டு எங்கே நிற்க வேண்டும் என்று தேடும் மருத்துவருக்கு அந்த முடியளவு சின்ன விஷயமன்று.

எங்கள் தோழிக்கு இந்தச் சிகிச்சை தேவையில்லை. அவளுக்குச் செவி நரம்பு நன்றாக இருக்கிறதென்றும், மெஷினே போதுமென்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். "எனக்காகக் கேட்கவில்லையடி" என்கிறாள்.

அவள் வரைந்த தாள் விஞ்ஞானக் கண்காட்சியில் இருந்தது. பெற்றோர் பலர் பார்த்திருப்பீர்கள். நான்காம் பத்தியில் மூன்று வட்டங்களுக்குள் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். அந்த மூவரும் எந்தச் சுரத்துக்கு விளக்கேற்றினார்கள் என்று இன்று கேட்டால் மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். பேச்சு என்பது ஒற்றைச் சுரமன்று, ஆகவே அடுத்த முறை இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பார்க்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். 32 டார்ச்சுக்கும் புதுச் செல் வாங்க யார் பணம் தருவது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.